சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் என்று மட்டும் எழுதாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் பயணத் தகவல் பகுதியில் ‘யாழ்ப்பாணம்–சென்னை: 400 கி.மீ., 1 மணி 15 நிமிடம்’ என்றும், அதற்குக் கீழே ‘கொழும்பு–சென்னை: 1 மணி 30 நிமிடம்’ என்றும் போட்டிருந்தீர்கள். பக்கத்திலேயே இரண்டுக்கும் கட்டணம். அன்று பின்னேரமே எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் கதை இப்படிப் போனது: “வித்தியாசம் கால் மணித்தியாலம்தானே, கொழும்பாலே மலிவென்றால் அங்காலேயே போவம்.” போகப்போவது எழுபது தாண்டிய ஒரு அம்மா, இருதய சோதனைக்கு. அந்தக் கதையைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து இளைப்பாறியவன். முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வடக்கு அகலாங்கு 9 பாகை 47 கலையில் இருக்கிறது (ஒரு பாகைக்கு அறுபது கலை). சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையம் 12 பாகை 59 கலைக்குச் சற்று மேலே. நெட்டாங்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 80 பாகையும் சில கலைகளும். அதாவது பலாலியிலிருந்து பார்த்தால் சென்னை நேர் வடக்கு. அகலாங்கு வித்தியாசம் 3 பாகை 12 கலை, கலைக் கணக்கில் 192. அகலாங்கில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஆகவே 192 கடல் மைல், கிலோமீற்றரில் ஏறக்குறைய 356. நீங்கள் போட்ட 400 விமானம் சுற்றி வளைத்துப் போகும் பாதையைச் சேர்த்து யாரோ தந்த எண்ணாக இருக்கலாம். இரு நிலையங்களுக்கும் இடையிலுள்ள தூரம் என்று எழுதினால் 356 என்று போடுவதே சரி.

பலாலிக்கும் சென்னைக்கும் இடையே வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்துப் பார்த்தால் ஒரு அழகு தெரியும். பலாலிக் கரையை விட்டதும் பாக்குநீரிணை. கோடிக்கரை, நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர், புதுச்சேரி எல்லாம் இடது கைப்பக்கம் வரும். கோடு கரைக்குக் கொஞ்சம் வெளியே கடல்மேலேயே ஏறி, மாமல்லபுரத்துக்குக் கிட்டத்தான் கரையைத் தொடுகிறது. வானம் வெளித்திருக்கும் நாளில் போகிறவர்கள் இடப்பக்க யன்னலோரம் இடம் கேட்டு வாங்குங்கள். என்னுடைய தகப்பனார் தன் கடைசிக் காலம் வரை அந்தக் கரையைப் பற்றிக் கதைப்பார். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் டக்கோட்டா விமானம் கொழும்புக்குக் கிட்டவுள்ள இரத்மலானையிலிருந்து கிளம்பி, எங்கள் காங்கேசன்துறைப் பக்கம் இறங்கி ஏறித்தான் மதராஸ் போனது. பலாலி–சென்னை பாதை நேற்று முளைத்ததில்லை என்பதை இளம் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். போர் அதை மூடியது. 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், நவம்பரில் சேவை தொடங்கியது, 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பர் 12இல் மறுபடி வந்தது. இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த பாதை. அதன் கணக்கைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று நான் மினக்கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நேரம். ஆளை ஏமாற்றுவது இதுதான்.

பலாலிக்கு வருவது இரண்டு விசிறி வைத்த ஏரிஆர் விமானம். எழுபதிலிருந்து எண்பது பேர்வரை ஏறலாம். நல்ல உயரத்தில் போகும்போது மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர் ஓடும். 356ஐ 500ஆல் பிரித்தால் 43 நிமிடம் வருகிறது. பிறகு ஏன் ரிக்கெற்றில் ஒன்றேகால் மணித்தியாலம்? ரிக்கெற்றில் இருப்பது பறக்கும் நேரமில்லை. நிற்கும் இடத்தை விட்டு விமானம் அசையத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, மற்றப் பக்கம் போய் நிறுத்தும் நிமிடம் வரையான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறும்போது மெதுவாகப் போவது, இறங்கும்போது வேகத்தைக் குறைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். சென்னையின் பிரதான ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நாங்கள் தெற்கிலிருந்து போகிறோம். காற்று எந்தப் பக்கமோ அதற்கேற்ப ஒரு பெரிய வளைவு எடுத்துத்தான் ஓடுபாதைக்கு நேரே வரவேண்டும். அதோடு அது நெரிசலான நிலையம், எங்கள் சின்ன விமானமும் வரிசையில்தான் இறங்கும்.

கொழும்புக்கான விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 645 கிலோமீற்றர். எங்கள் தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து போவது ஜெட், வேகம் கூட. அதனால்தான் தூரம் இவ்வளவு வித்தியாசமாக இருந்தும் ரிக்கெற்றில் நேரம் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிறது. இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வரியையும் கீழும் மேலுமாக அச்சடித்துவிட்டால், ‘பலாலியால் போனால் கால் மணித்தியாலம்தான் மிச்சம்’ என்றுதான் வாசிக்கிறவர் விளங்கிக்கொள்வார். உண்மையில் மிச்சமாவது ஒரு முழு இரவு.

என் தங்கையின் பயணத்தைச் சொன்னால் விளங்கும். அவள் சாவகச்சேரியில் இருக்கிறாள், சலரோகக்காரி. சென்னையில் ஒரு வைத்தியசாலையில் வயிற்று ஸ்கானுக்குப் பதிந்திருந்தாள். ஆறு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் வரச்சொல்லியிருந்தார்கள். பயண முகவர் ஒருவர்தான் எல்லாம் ஒழுங்குபண்ணியவர். “பதினொன்றரைக்கு விமானம் அக்கா, ஒன்றேகால் மணித்தியாலம்தான், ஒரு மணிக்கு முன்னம் சென்னை. இரண்டரைக்கு ஸ்கான் போடலாம்” என்று அவரே நேரமும் எடுத்துக் கொடுத்தார். அவளும் காலையில் ஒரு பாண் துண்டும் தேத்தண்ணியுமாகக் குடித்துவிட்டு ஏழரைக்கு வான் ஏறினாள். சாவகச்சேரியிலிருந்து பலாலிக்கு ஒரு மணித்தியாலம். விமானம் ஏற மூன்று மணித்தியாலம் முன்னதாக வந்து நிற்கவேண்டும் என்பது சர்வதேசப் பயணத்துக்குப் பொதுவான அறிவுறுத்தல். எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை அங்கே. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது, நேரத்துக்கு இறங்கியது. அதில் யாரையும் ஒரு குறை சொல்ல முடியாது.

இறங்கிய பிறகுதான் இருக்கிறது விஷயம். இந்தியாவுக்கு எங்களுக்கு விசா வேண்டும். அவள் எடுத்திருந்தது இ-விசா. அதற்கு வேறு வரிசை, முதல் தடவை போகிறவர்களுக்குக் கைவிரல் ரேகை எடுப்பது, படம் எடுப்பது எல்லாம் உண்டு. வயதானவர்களின் விரலில் ரேகை இலகுவில் பதியாது. தோட்டத்தில் வேலை செய்த கை என்றால் சொல்லவே வேண்டாம். துடைத்து, அழுத்தி, மறுபடி துடைத்து வைக்கவேண்டும். அப்புறம் பயணப்பொதி, சுங்கம், காசு மாற்றுவது, தொலைபேசிக்குச் சிம் எடுப்பது. வெளியே வந்து ரக்ஸி பிடித்து, நகரத்துக்குள் அந்த வாகன நெரிசலில் வைத்தியசாலை வாசலுக்குப் போக மூன்றரை தாண்டிவிட்டது. ஸ்கான் எடுக்கும் இடத்தில் அன்றைக்கு முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். காலையில் சாப்பிட்ட அந்தப் பாண் துண்டோடு நின்றவளுக்குச் சீனி இறங்கி, வரவேற்பு மேசைக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு தாய் தன்னுடைய பையிலிருந்து குளுக்கோஸ் பிஸ்கற் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாய்க்கு இந்தக் கடிதத்தின் மூலமாகவும் நன்றி.

ஏழரையிலிருந்து மூன்றரை: எட்டு மணித்தியாலம். ரிக்கெற்றில் இருந்தது ஒன்றேகால். முகவரும் பொய் சொல்லவில்லை, ரிக்கெற்றும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு சலரோகக்காரி எப்போது சாப்பிடவேண்டும், எப்போது ஊசி போடவேண்டும், வைத்தியரிடம் எந்த நாளுக்குப் பதியவேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்ய அந்த ஒன்றேகால் ஒன்றுக்கும் உதவாது. அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டியது அந்த எட்டுத்தான்.

இதனால் நான் பலாலியைக் குறைத்துக் கதைப்பதாக யாரும் நினைக்கவேண்டாம். முழுக் கணக்கைப் போட்டால்தான் பலாலியின் அருமை தெரியும். கொழும்பால் போகிறவரை எடுங்கள். இரவு எட்டு மணிக்கு வான். வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று விடிய விடிய ஓடி கட்டுநாயக்காவில் இறக்கிவிடும்போது அதிகாலை மூன்று நான்கு மணி. ரயிலென்றால் கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போய், அங்கிருந்து திரும்ப வடக்கே கட்டுநாயக்காவுக்கு வரவேண்டும். பிறகு அதே மூன்று மணித்தியாலக் காத்திருப்பு, அதே ஒன்றரை மணித்தியாலப் பறப்பு, அதே சென்னைக் குடிவரவு வரிசை. எல்லாம் நேரத்துக்கு நடந்தாலே வைத்தியசாலை வாசலை மிதிக்கப் பதினாறு மணித்தியாலம் ஆகும். இரவு முழுக்க இருக்கையில் இருந்து கால் வீங்கிப்போய், நித்திரையில்லாமல், அடுத்த நாள் இரத்த அழுத்தம் பார்க்கப் போகிறவருக்கு என்ன எண் வரும் என்று எந்த வைத்தியரும் சொல்வார். சென்னை எங்களுக்கு நேர் வடக்கே இருக்கிறது. கொழும்பால் போகிறவர் தெற்கே 400 கிலோமீற்றர் போய், வந்த தூரத்தையும் சேர்த்து 645 கிலோமீற்றர் வடக்கே பறக்கிறார். ஒரு கட்டத்தில் விமானம் எங்கள் தலைக்கு மேலே ஏறக்குறைய யாழ்ப்பாணத்தைத் தாண்டித்தான் போகும்.

கட்டணத்திலும் இதே கதை. கொழும்பு ரிக்கெற் மலிவு என்று தெரிகிறது. வான் காசு போகவர, துணைக்குப் போகிறவரின் வான் காசு, வழியில் சாப்பாடு, சிலவேளை கொழும்பில் ஒரு இரவு அறை வாடகை, இதெல்லாம் ரிக்கெற்றில் இருக்காது. உங்கள் அட்டவணையிலும் இருக்கவில்லை.

இன்னொன்று. சென்னைதான் எல்லாருக்கும் போகவேண்டிய இடம் என்றில்லை. பலாலியிலிருந்து திருச்சிக்கும் 2025 மார்ச் கடைசியில் சேவை தொடங்கியது. திருச்சி நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீற்றர்தான், சென்னைத் தூரத்தில் பாதி. ஆனாலும் ரிக்கெற்றில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போடுவார்கள், காரணம் மேலே சொன்னதே. ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் தூரம் குறைந்ததற்காகக் குறையாது. கண் வைத்தியத்துக்கு மதுரை போகிறவருக்குச் சென்னையில் இறங்குவது வீண் அலைச்சல். திருச்சியில் இறங்கினால் மதுரை றோட்டால் இரண்டரை மணித்தியாலம். தஞ்சாவூர், கும்பகோணம், வேளாங்கண்ணி போகிறவர்களுக்கும் திருச்சிதான் கிட்ட. வேலூர் போகிறவருக்குச் சென்னை. ஆனால் மீனம்பாக்கத்தில் இறங்கி, சென்ட்ரலுக்கு மெற்றோவில் போய், வேலூருக்குக் கிட்டவுள்ள காட்பாடிக்கு இன்னும் இரண்டு மணித்தியால ரயில். விமான நிலையத்துக்குள்ளேயே மெற்றோ நிலையம் இருப்பது பெரிய உபகாரம், எங்கள் ஆட்களில் கனபேருக்கு அது தெரியாது. பொதி கூட இல்லாதவர்கள் அதிலேயே போகலாம். கப்பலையும் மறக்கவேண்டாம். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கடல்வழி ஏறக்குறைய 110 கிலோமீற்றர், ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு றோட்டால் இன்னொரு பகல் போய்விடும். நாகப்பட்டினம், தஞ்சாவூர் போன்ற காவிரி டெல்டா மாவட்டங்களுக்குப் போகிறவருக்கு அது நல்ல வழி, சென்னை நோயாளிக்கு அல்ல.

மணிக்கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996இலிருந்து பத்து வருடம் எங்கள் நேரமும் இந்திய நேரமும் வேறு வேறாக இருந்தன. 2006 ஏப்ரலில் மறுபடி ஒன்றாக்கினார்கள். ஆகையால் இப்போது ரிக்கெற்றிலுள்ள புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து கழித்தால் கிடைப்பது சரியான நேரம். சிங்கப்பூர் போகிறவர் அப்படிக் கழிக்கக்கூடாது, அங்கே மணிக்கூடு இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடுகிறது. இன்னும் சில வயதானவர்கள் “இந்தியா நேரமா, எங்கட நேரமா” என்று கேட்டுக் குழம்புவதைக் காண்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மழைக்காலமும் கணக்கில் வரவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தை நாட்கணக்கில் மூடினார்கள். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலன்றும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மூடவேண்டிவந்தது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் வைத்தியரிடம் பதியும் நாளுக்கு முன் ஒரு நாளாவது இடைவெளி விட்டுப் போவது நல்லது. மற்ற மாதங்களில்கூட, இறங்கும் அன்றே வைத்தியசாலைக்குப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள் என்றுதான் நான் கேட்கிறவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அன்று பின்னேரம் அறைக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, படுங்கள். ஸ்கான் அடுத்த நாள் காலை.

ஆசிரியரிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. அந்தத் தகவல் பகுதியில் இப்போது இருக்கும் பறப்பு நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரி சேருங்கள்: வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரை எவ்வளவு நேரம். யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஒன்று, பருத்தித்துறையிலிருந்து ஒன்று, கிளிநொச்சியிலிருந்து ஒன்று போட்டால் போதும். கிளிநொச்சியிலிருந்து வருகிறவருக்கு விடிய நான்கரைக்கே எழும்பவேண்டி வரும் என்று முன்னமே தெரிந்தால், அவர் முதல்நாள் இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்குவார். முகவர்களும் ரிக்கெற் கொடுக்கும்போது பின்பக்கத்தில் இதைக் கையால் எழுதிக் கொடுக்கலாம், ஒரு சதமும் செலவில்லை. சேவை நடத்துகிறவர்களும் அதிகாரிகளும் முடியுமென்றால், காலை முதல் விமானத்தின் நேரத்தை ஒட்டி யாழ். பஸ் நிலையத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் நேரடி பஸ் விடட்டும். ரிக்கெற்றிலுள்ள ஒன்றேகால் மணித்தியாலத்தைக் குறைக்க எங்களால் முடியாது. தரையில் போகும் ஏழு மணித்தியாலத்தில் ஒன்றரை இரண்டைக் குறைக்கலாம்.

அந்த அட்டவணைக்கு வரைபடம் தேவையென்றால் சொல்லுங்கள். பலாலி, கட்டுநாயக்கா, திருச்சி, சென்னை நான்கையும் வைத்து, தூரங்களோடு அளவுத்திட்டத்தில் நானே வரைந்து அனுப்புகிறேன். வேலூருக்கும் மதுரைக்கும் போகும் ரயில், பஸ் விபரங்களைச் சமீபத்தில் போய்வந்த வாசகர்கள் எழுதி அனுப்பினால் அதையும் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
இளைப்பாறிய நில அளவையாளர் ஒருவர்,
உரும்பிராய்.